நீர் ஓடும் முனை

அச்சுவேலி
08.09.2024

டொக்டர் ஆரபிக்கு,

‘டொக்டர்’ என்று வேண்டுமென்றேதான் போட்டேன். கோபம் வரட்டும். எனக்கும் ஒன்றரை வருடமாக அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவள் நீ. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: என் இதயம் பழைய சேட்டையைத் தொடங்கிவிட்டது. போன கிழமை உயர்தர வகுப்பில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் சமன்பாடு பாதியில் நிற்க, நெஞ்சு தலைதெறிக்க ஓடத் தொடங்கிவிட்டது. மேசையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். “ரீச்சர், ரீச்சர்” என்று பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். இசிஜியில் நிமிடத்துக்கு நூற்றைம்பது. இதயத்தின் வலப்பக்க மேலறையில் மின்னோட்டம் வட்டமடிக்கும் அதே நோய்தான். போன வருடம் பங்குனியில் நீ கதீற்றர் என்ற மெல்லிய குழாயை விட்டு, சுட்டு, வழியை மூடிவிட்டேன் என்று சொன்ன அதே வட்டம். இரண்டு மாதத்தில் அது திரும்பி வந்தது. குளிசைகளால் இதுவரை கட்டி வைத்திருந்தோம். இப்போது கட்டை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது.

இவர் ஸ்கூட்டியின் திறப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறார். நாற்பத்து மூன்று வயதில் நான் சின்னப்பிள்ளை ஆகிவிட்டேன்.

இதையெல்லாம் தாங்குவேன். கிளினிக்கில் காட்டினார்களே நீ எழுதிய துண்டுக் கடிதம் ஒன்று, அதைத்தான் தாங்க முடியவில்லை. இனி என்னை டொக்டர் அடைக்கலநாதன் பார்ப்பாராம். எனக்கு ஒரு சொல் சொன்னாயா? கைமாற்றி விடுவதற்கு நான் என்ன பழைய மோட்டார் சைக்கிளா?

கமலாவதி ரீச்சரின் ரியூசனில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். நான் விட்ட கணக்கை நீ முடிப்பாய், நீ விட்டதை நான் முடிப்பேன். அந்த உரிமையில் சொல்கிறேன். இரண்டாம் முறையும் நீதான் செய்ய வேண்டும். எந்தக் கதீற்றரால், ஏன் அதனால் என்று எனக்கு விளங்கவும் வைக்க வேண்டும். போனில் வேண்டாம். போனில் நீ டொக்டர், நான் ஓம் ஓம் என்று தலையாட்டும் நோயாளி. எழுது.

தனுஷா


கொழும்பு
15.09.2024

தனுஷா,

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முதலில் கேள்விக்குப் பதில். அதுதான் எனக்கு இலேசு.

உன் இதயத்தில் மின்னோட்டம் வட்டமடிப்பதற்கு ஓர் ஒடுங்கிய பாதையைக் கடக்க வேண்டும். ஒரு பக்கம் வால்வு, மறுபக்கம் உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து வரும் பெரிய நாளம். தொடை நாளத்தால் கதீற்றரை உள்ளே விட்டு, அதன் உலோக முனையை அந்தப் பாதையில் வைத்து, ரேடியோ அலை மீடிறனில் அதிரும் மின்னோட்டத்தால் புள்ளி புள்ளியாகச் சுட்டு ஒரு கோடு போடுகிறோம். சுட்ட தசை தழும்பாகிவிடும். தழும்பைத் தாண்டி மின் போகாது. கோட்டில் எங்காவது இடைவெளி விட்டால், அல்லது தழும்பு ஆழமாக இறங்காவிட்டால், வட்டம் திரும்பத் தொடங்கும்.

போன முறை பாவித்தது நாலு மில்லிமீற்றர் முனை, சாதாரண வகை. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு தீராத காலம், அலுமாரியில் இருந்தது அதுதான். அந்த முனையைக் குளிர்த்துவது பக்கத்தால் ஓடும் இரத்தம் மட்டுமே. இரத்தம் மெதுவாக ஓடும் இடத்தில் முனை சட்டென்று சூடேறும். உடனே மெசின் தானாகவே வலுவைக் குறைத்துவிடும். காயம் மேலோட்டமாக நின்றுவிடும். உங்கள் வீட்டில் நான் சுட்ட உழுந்து வடையை மறந்திருக்கமாட்டாய். வெளியே கரி, உள்ளே பச்சை மா.

இப்போது வேறு வகைகள் உண்டு. எட்டு மில்லிமீற்றர் பெரிய முனை ஒன்று. முனையில் துளைகள் வழியே சேலைன் உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கும் வகை இன்னொன்று. அதிலேயே தசையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்று கிராமில் காட்டும் வகையும் வந்துவிட்டது. அடைக்கலநாதன் எல்லாவற்றிலும் கை தேர்ந்தவர்.

ஆகவே அவரிடம் போ. நான் செய்யமாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நோய் திரும்பி நீ வார்ட்டில் கிடந்தபோது உன் மனுசன் தாதிமாருக்கு முன்னால் சொன்னார்: “சிநேகிதி எண்டு நம்பி வந்தம். வெளியாள் எண்டால் இன்னும் கவனமாச் செய்திருப்பினம்.” பிரகலாதன் அண்ணை பயத்தில் சொன்னார் என்று நான் விழுங்கியிருப்பேன். நீ விழித்துத்தான் கிடந்தாய். ஒரு சொல் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

ஆரபி


அச்சுவேலி
24.09.2024

ஆரபி,

பார், டொக்டரை எடுத்துவிட்டேன்.

முதலில் என் தீர்ப்பு: எட்டு மில்லிமீற்றர். முனை பெரிது, தொடும் பரப்புப் பெரிது, இரத்தம் குளிர்த்தும் பரப்பும் பெரிது, ஆகவே கூடிய வலு கொடுக்கலாம், காயமும் பெரிது. ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைக்கே விளங்கும். பிறகு எதற்கு இதயத்துக்குள் தண்ணீர் விளையாட்டு? நேரே எட்டுக்குப் போ.

இனி மற்றது. இவர் சொன்னது பிழை. உனக்கு முன்னாலேயே அதைச் சொல்ல வைப்பேன், என்னிடம் விடு. ஆனால் நான் சுவர்ப் பக்கம் திரும்பியது அதற்காக இல்லை.

அன்றைக்கு நீ எனக்குத் தந்தது அரை மயக்கம். எல்லாம் தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. மெசின் சத்தம், உன் சத்தம். கடைசியில் நீ “போதும், நிப்பாட்டுவம்” எண்டு சொன்னனீ. எனக்கு அது வடிவாகக் கேட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை, இவருக்கும் சொல்லவில்லை. நோய் திரும்பி வந்த அன்று அந்தச் சொல்தான் காதில் நின்றது. என் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகக்கூடியவள் ஆரபி என்று நான் நினைத்ததே இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் கேட்டுவிடுவேன் என்று பயம். அதனால்தான் சுவர்.

கேட்டுவிட்டேன். பதில் சொல்லு.

தனுஷா


கொழும்பு
02.10.2024

தனு,

நீ கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று பின்னேரமே கட்டிலருகில் வந்திருந்து சொல்லியிருப்பேன்.

உன்னுடைய அந்த ஒடுங்கிய பாதை சமதரை இல்லை. நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. சிலருக்குப் பிறப்பிலேயே அப்படி. பள்ளத்துக்குள் இரத்தம் ஓடாது, தேங்கி நிற்கும். நான் முனையை அங்கே வைத்ததும் வெப்பம் ஏறியது, மெசின் வலுவைக் குறைத்தது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதே கதை. கதீற்றரை வெளியே எடுத்துப் பார்த்தால் முனையில் இரத்தம் கரியாகப் படிந்திருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் போனேன். அப்படி எத்தனை தரம் போனேன் என்பது உனக்கு மயக்கத்தில் தெரிந்திருக்காது. அந்தக் கரி ஒரு துண்டு கழன்றால் நேரே நுரையீரல்தான். கடைசியில் சோதித்தபோது கோட்டைத் தாண்டி மின் போகவில்லை. அப்போதுதான் போதும் என்றேன். சுட்ட தசை வீங்கி அந்நேரத்துக்கு மறித்திருக்கிறது. வீக்கம் வற்றியதும் பள்ளத்தில் வழி திறந்துவிட்டது.

நான் உன் கணக்கை விடவில்லை. அந்த முனையால் அதற்கு மேல் போயிருந்தால் உனக்கு ஆபத்தைத்தான் தந்திருப்பேன்.

இப்போது உன் எட்டு மில்லிமீற்றர் தீர்ப்பு. பள்ளம் இல்லாத ஆளுக்கு நல்ல தீர்ப்பு, நானும் பாவிக்கிறேன். உன் பள்ளத்துக்குள் அந்தப் பெரிய முனை இறங்காது, இரண்டு கரையிலும் ஏறிக் குந்திக்கொண்டிருக்கும். இன்னொரு குறையும் உண்டு. முனை நீளமானால் அது பிடிக்கும் மின்குறி மங்கலாகிவிடும். சின்ன இடைவெளி அதற்குத் தெரியாது. நீ என் மேல் கோபப்படுவது அந்தச் சின்ன இடைவெளிக்காகத்தான்.

உனக்கு வேண்டியது நீர் ஓடும் முனை. சின்னது, பள்ளத்துக்குள் போகும். இரத்தம் குளிர்த்தாத இடத்தில் சேலைன் குளிர்த்தும். மேற்பரப்பு கருகாது, கரி படிவது குறையும், வலு குறையாது, சூடு உள்ளே இறங்கும். விசையைக் காட்டும் வகையாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டேன்.

ஓம், எடுத்து வைத்துவிட்டேன். நவம்பர் 18, திங்கட்கிழமை. நான்தான் செய்கிறேன். அடைக்கலநாதன் பக்கத்தில் நிற்பார், அது என் நிபந்தனை.

உனக்கும் ஒரு நிபந்தனை. இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை ஒழுங்காக எடு. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேராது. சாப்பாட்டுடன் போடு.

ஆரபி


அச்சுவேலி
09.11.2024

என் ஆரபி,

பள்ளம்! இத்தனை வருடம் இதயத்துக்குள் ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு றோட்டுப் பள்ளங்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உன் கடிதத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார்.

எட்டை வாபஸ் வாங்குகிறேன். நீர் முனைதான். ஆனால் சும்மா விடமாட்டேன், ஒரு கேள்வி. முனையைத் தண்ணீர் குளிர்த்துகிறது. வெப்பமானி இருப்பது முனைக்குள். அப்படியென்றால் அது காட்டுவது தண்ணீர் குளிர்த்திய உலோகத்தின் வெப்பத்தைத்தானே? உள்ளே தசை வேகிறதா, கொதிக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? பழைய முனை குறைந்தபட்சம் உண்மை சொல்லி நிறுத்தியது. இது பொய் சொல்லும் வெப்பமானி. இதை நம்பியா நீ என் இதயத்துக்குள் போகிறாய்?

இந்தக் கேள்வி கந்தசஷ்டியில் பசியோடு கிடந்தபோது வந்தது. வயிறு காலியானால் மூளை நன்றாக வேலை செய்கிறது. இந்த முறை விரதம் ஆறு நாளும் இளநீர் மட்டும்தான். “உடம்புக்கு ஏலாத பிள்ளை, விடு” என்று அம்மா சொன்னா. “உனக்காகத்தானே நேத்திக்கடன், நீ பிடிக்காமல் ஆர் பிடிக்கிறது” என்று அவவே மற்றப் பக்கத்தாலும் சொன்னா. நேற்று விரதம் முடித்துப் பாறணைச் சோறு. எத்தனை கறி என்று கேட்காதே.

நீ பயப்பட ஒன்றுமில்லை. உன் நிபந்தனையை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தேன். குளிசையை வெறும் வயிற்றில் போடவே இல்லை. சாப்பாடு இல்லாத ஆறு நாளும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, நேற்றுச் சோற்றோடு திரும்பத் தொடங்கிவிட்டேன். நல்ல நோயாளியா இல்லையா?

18ஆம் திகதிக்கு வந்துசேரப் பஸ்ஸில் இடம் பிடித்தாயிற்று.

தனு


கொழும்பு
12.11.2024

தனு,

நேற்றுப் போனில் நான் கத்தியது இன்னும் உன் காதில் நிற்கும். நிற்கட்டும். கடிதம் மட்டும் என்ற உன் சட்டத்தை நான்தான் முறித்தேன். வார்ட் வாசலில் நின்று உன் கடிதத்தை வாசித்தேன். ‘நல்ல நோயாளியா’ என்ற இடத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஆறுதலாக எழுதுகிறேன். போனில் ஒழுங்காகச் சொல்லவில்லை.

வட்டமடிப்பது வலப்பக்கம் என்றாலும் இரண்டு மேலறைகளும் ஒழுங்காகச் சுருங்காது, அதிர்ந்துகொண்டு மட்டும் இருக்கும். அவற்றுக்குள் இரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். அதைத் தடுக்கத்தான் அந்தக் குளிசை. ஆறு நாள் அது இல்லாமல் ஒரு கட்டி பிடித்திருந்தால், திங்கட்கிழமை நான் வட்டத்தை நிறுத்தியதும் மேலறை நல்லபடி சுருங்கத் தொடங்கும். கட்டியைத் தள்ளிவிடும். இடப்பக்கத்தில் பிடித்த கட்டி மூளைக்குப் போகும். என் கோடு திறமாக இருந்திருக்கும். நீ கட்டிலை விட்டு எழும்பும்போது உனக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கும்.

மூன்று கிழமை தவறாமல் குளிசை எடுத்தவர்களுக்கு நான் உள்ளே ஸ்கான் செய்து பார்ப்பதில்லை. உனக்கும் பார்த்திருக்கமாட்டேன். “குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ” என்று தாதி கேட்டிருப்பா, “ஓம்” என்றிருப்பாய். உன் கணக்கில் அது பொய்யும் இல்லை. நீ இப்படிப் பெருமையடித்து எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரியவே வந்திருக்காது.

முழுப் பிழையும் உன்னுடையது இல்லை. சாப்பாட்டுடன் என்று எழுதிய நான், சாப்பாடே இல்லாத நாட்கள் வருகின்றன என்று கலண்டரைப் பார்க்கவில்லை. கொழும்பில் இருந்து இருந்து சஷ்டியும் மறந்துபோய்விட்டது. இனி வடக்கிலிருந்து வரும் எல்லாரிடமும் விரதம் பிடிக்கிறீர்களா என்று கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

திகதி ஜனவரி 20க்கு மாறுகிறது. அதுவரை விரதம் இல்லை. முருகனிடம் நான் கதைக்கிறேன்.

உன் வெப்பமானிக் கேள்வி நல்ல கேள்வி, கோபத்திலும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வெப்பத்தை நான் நம்புவதில்லை. தசை வேகும்போது அதன் மின்தடை இறங்கும். அது எவ்வளவு இறங்குகிறது, எத்தனை கிராம் அழுத்துகிறேன், எவ்வளவு நேரம் வைத்தேன், இவற்றைத்தான் பார்ப்பேன். அளவு மீறினால் உள்ளே நீராவி கட்டி வெடிக்கும். அதுதான் இந்த வகையின் ஆபத்து. விசை காட்டும் முனை எடுத்ததும் அதனால்தான். ஓமின் விதி படிப்பிக்கிறவளுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஆரபி


அச்சுவேலி
28.11.2024

ஆரபி,

வாசலில் வெள்ளம். பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுக்குள் அடைபட்டு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வகை முனைகளையும் பிடுங்கி ஆராய்ந்தவளுக்கு ஒரு குளிசை விளங்கவில்லை. என்னோடு கோபித்துக்கொண்டாவது என்னைக் காப்பாற்றுகிறாய். அம்மா உன் கடிதத்தைச் சாமியறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறா. முருகன்தான் என்னை எழுத வைத்தாராம். இருக்கட்டும், வாசித்தவள் நீ.

இவர் உனக்கு எழுதப்போகிறேன் என்று பேப்பரும் பேனையுமாகப் பல நாள் இருந்தார். ஒரு வரியும் வரவில்லை. கடைசியில் மிளகாய், மல்லி எல்லாம் தானே வாங்கி, வறுக்கும்போது பக்கத்தில் நின்று, தூள் இடிப்பித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் போட்டிருக்கிறார். “ஆரபிக்கு உறைப்புக் கூடப் பிடிக்கும் எல்லோ” என்று இரண்டு தரம் கேட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுசன் தூள் அனுப்புகிறான். வாங்கிக்கொள்.

குளிசையை ஒவ்வொரு இரவும் சோற்றோடு, அம்மா, இவர் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் விழுங்குகிறேன். தையில் வாறன்.

தனு


கொழும்பு
27.01.2025

தனு,

நீ ஊர் போய்ச் சேர்ந்து, தொடைக் காயமும் ஆறிவிட்டதாகப் பிரகலாதன் அண்ணை சொன்னார். இப்போது அவர் எனக்குத்தான் முதலில் போன் எடுக்கிறார். உறைப்பு அளவாக இருந்தது என்று அவருக்குச் சொல்லிவிட்டேன்.

போன முறை உன் காதில் விழுந்தது ஒரு சொல்தான். இந்த முறை நடந்தது முழுவதையும் எழுதித் தருகிறேன்.

ஸ்கானில் கட்டி எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் அடைக்கலநாதன் என் தோளில் தட்டினார். நான் அழக்கூடாது என்று நிலத்தைப் பார்த்தேன். பிறகு உள்ளே போனோம். வால்விலிருந்து கோட்டைத் தொடங்கினேன். பள்ளத்துக்கு வந்தேன். முனையை இறக்கினேன். பன்னிரண்டு கிராம். சேலைன் ஓடுகிறது. வலுவைக் கொடுத்தேன். குறையவில்லை. போன முறை மெசின் என்னை வெளியே தள்ளிய அதே இடம், இந்த முறை அசையாமல் நின்றது. தடை மெல்ல மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வட்டம் அறுந்து, உன் இதயம் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, நல்லபடி அடிக்கத் தொடங்கியது.

அப்போது நீ மயக்கத்திலேயே கேட்டாய்: “போதுமோடி?”

“இன்னும் இல்லை, பொறு” என்றேன்.

அரை மணித்தியாலம் காத்திருந்து பார்ப்பது என் வழக்கம். நேரம் முடியப்போகிற சமயத்தில் மின் கசிந்தது. பள்ளத்தின் கரையில் மெல்லிய வழி ஒன்று. எட்டு மில்லிமீற்றர் முனையாயிருந்தால் அதை நான் கண்டிருக்கமாட்டேன், உனக்குப் பெருமையாக இருக்காது என்றாலும் சொல்கிறேன். திரும்பப் போனேன். கரையில் வைத்துச் சுட்டேன். காத்திருப்பை முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கசியவில்லை. பிறகும் காத்திருந்தேன். அடைக்கலநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை.

கடைசியில் நான் போதும் என்று சொல்லவே இல்லை. சொல்லப் பயமாக இருந்தது. “கதீற்றரை எடுப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

ஆரபி


அச்சுவேலி
29.10.2025

ஆரபி,

சித்திரையில் நீ அந்தக் குளிசையை நிறுத்தினாய். புரட்டாதியில் இசிஜி பார்த்து, பயப்படாதே என்றாய். ஸ்கூட்டியின் திறப்பு என் கையில். இருந்தும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு படி வேகமாக ஏறினாலும் விரல் தானாகவே நாடிக்குப் போகும்.

இந்த முறை சஷ்டி விரதம் உன்னைக் கேட்டுத்தான் பிடித்தேன், அது உனக்குத் தெரியும். முந்தாநாள் சூரன் போர். போன இரண்டு வருடமும் நான் கோயில் வாசலோடு நின்றுவிட்டு வந்தவள். இந்த முறை வீதிக்குள் இறங்கிவிட்டேன். மேளம் காதைப் பிளக்கிறது. சூரனைத் தூக்கிக்கொண்டு பெடியள் முன்னும் பின்னும் ஓடுகிறார்கள், சனம் சேர்ந்து ஓடுகிறது. இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். “நீ ஓடாதை, இஞ்சை நில்லு.” உதறிவிட்டு ஓடினேன். ஆறு நாள் பட்டினியோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உயர்தரப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க ஓடினேன்.

சூரன் விழுந்தான். அரோகராச் சத்தத்தில் நான் மதிலோடு சாய்ந்தேன். நெஞ்சு தலைதெறிக்க அடித்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில் நான் விழுந்த அன்று அடித்ததுபோலவே இருந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். விரலை நாடியில் வைத்து நின்றேன். உன்னை நினைத்தேன். பொறு, பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் குறைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். ஒருவரும் சுடவில்லை, ஒருவரும் ஊசி போடவில்லை. பக்கத்தில் நின்று இளைத்த எல்லாருடைய நெஞ்சையும் போல என்னுடையதும் தன்பாட்டில் இறங்கி வந்தது. அப்படியே மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

இவர் ஓடி வந்தார். “என்ன, என்ன செய்யுது? திரும்பத் தொடங்கிட்டுதோ?”

“இல்லையப்பா,” என்றேன். “இறங்குது.”

அதைக் கேட்டுவிட்டு அவரும் அந்தச் சனத்துக்குள் நின்று கண்ணைத் துடைத்தார்.

அன்று நீ சொல்லப் பயந்த சொல்லை இன்று நான் சொல்கிறேன். போதும், ஆரபி. நல்லாப் போதும்.

மார்கழி லீவுக்கு நேரே எங்கள் வீட்டுக்கு வா. வடை நான் சுடுகிறேன். நீ தாச்சிப் பக்கம் வரவேண்டாம்.

தனு